ஓர் இலையின் ஈசிஜி

1873இல் சார்லஸ் டார்வின் ஜான் பர்டன் சாண்டர்சன் என்பவரிடம் ஓர் உதவி கேட்டார். சாண்டர்சன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உடலியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். பூச்சி பிடித்துத் தின்னும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியின் இலை சட்டென்று மூடிக்கொள்கிறது. தசை சுருங்கும்போது மின்சாரம் உண்டாகும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அப்படியானால் இந்த இலையிலும் அது உண்டாகிறதா, அளந்து சொல்ல முடியுமா? இதுதான் டார்வின் கேட்டது.

சாண்டர்சன் இலையில் மின்வாய்களைப் பொருத்தி, இலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மயிர் ஒன்றைத் தொட்டார். மின்னோட்டத்தைக் காட்டும் கருவியான கால்வனோமீட்டரில் அசைவு தெரிந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார். விலங்கு நரம்பிலும் தசையிலும் கண்ட அதே வகைத் துடிப்பு ஒரு செடியிலும் பதிவாகியிருந்தது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இதே ஆள், பேஜ் என்ற சகாவுடன் சேர்ந்து தவளை இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு கட்டங்கள் இருப்பதை அந்தப் பதிவு காட்டியது. இன்று ஈசிஜி தாளில் நாங்கள் கியூஆர்எஸ் என்றும் டி அலை என்றும் குறிப்பது அந்த இரண்டைத்தான்.

நான் பிழைப்புக்கு ஈசிஜி எடுப்பவன். நெஞ்சில் ஜெல் தடவி, கிளிப் மாட்டி, 'மூச்சை இழுக்காதீங்க, அசையாதீங்க' என்று சொல்லிக்கொண்டே நாள் போகும். எங்கள் பாடப் புத்தகங்களில் ஈசிஜியின் வரலாறு, மனித இதயத்தின் மின்துடிப்பை முதலில் பதிவு செய்த வாலரிலும் ஈசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவனிலும் தொடங்கிவிடும். அதற்கு முந்திய பக்கத்தில் ஓர் இலை இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் இந்தச் செடியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

செடி எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராது. அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களில், வில்மிங்டன் நகரைச் சுற்றி ஏறக்குறைய 100 மைலுக்குள், பைன் காடுகளின் ஈரமான மணல் நிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த மண்ணில் அமிலம் அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. பூச்சி அந்தக் குறையைத் தீர்க்கிறது. சாப்பாடு என்று நாம் நினைப்பதை, அதாவது சர்க்கரையை, மற்ற செடிகளைப் போல இதுவும் வெயிலில்தான் தயாரித்துக்கொள்கிறது. பூச்சியிலிருந்து அது எடுத்துக்கொள்வது முக்கியமாக உரம்.

பொறி என்பது இலையின் நுனிப் பகுதி. இரண்டு மடல்கள், ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்று உணர்மயிர்கள். பூச்சி ஒரு மயிரை ஒருமுறை தொட்டால் ஒன்றும் நடக்காது. சுமார் 30 வினாடிக்குள் அதையோ வேறொரு மயிரையோ இன்னொரு முறை தொட்டால், வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மடல்கள் மூடிவிடும். இத்தனை வேகம் எப்படி வருகிறது என்பதற்கு 2005இல் ஒரு நல்ல விளக்கம் வந்தது. திறந்திருக்கும் மடல் வெளிப்பக்கமாக வளைந்த நிலையில் இழுவிசையோடு நிற்கிறது. செல்களில் ஏற்படும் சிறு மாற்றம் அந்த வளைவை ஓர் எல்லைக்குத் தள்ளியதும், அது தானாகவே எதிர்ப்பக்கம் புரண்டுவிடுகிறது. அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் எல். மகாதேவன். ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போனவர். துணி எப்படி மடிகிறது, தோல் எப்படிச் சுருங்குகிறது என்று நாம் கேள்வியாகவே நினைக்காததையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்.

ஆனால் மூடும் வேகத்தைவிட என்னை இழுத்தது மூடாமல் இருப்பதுதான். முதல் தொடுதலுக்கு மூடாத இலை இரண்டாவதற்கு மூடுகிறது என்றால், முதலாவது நடந்தது என்ற செய்தி எங்கோ தங்கியிருக்க வேண்டும். மூளை கிடையாது, நரம்பும் கிடையாது. எங்கே தங்குகிறது?

கொஞ்சம் செல்லுக்குள் போக வேண்டும். ஓய்வில் இருக்கும் எந்தச் செல்லுக்கும் உள்பக்கம் வெளியைவிட எதிர்மின் தன்மை அதிகம். நம் இதயத் தசைச் செல்லில் அது சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட். ஃப்ளைட்ராப் செல்லில் மைனஸ் 120ஐ ஒட்டி. இதயத்தில் துடிப்பு தொடங்கும்போது வெளியிலிருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. செடியின் வழி வேறு. அங்கே முதலில் உள்ளே நுழைவது கால்சியம். அந்தக் கால்சியம் வேறொரு வாசலைத் திறந்துவிட, உள்ளிருந்து குளோரைடு வெளியே ஓடுகிறது. நேர்மின் அயனி உள்ளே வந்தாலும் எதிர்மின் அயனி வெளியே போனாலும் மின்னழுத்தக் கணக்கில் விளைவு ஒன்றுதான். அப்புறம் பொட்டாசியம் வெளியேறி நிலைமையைப் பழையபடி ஆக்குகிறது. முழுத் துடிப்பும் முடிய ஒன்றிரண்டு வினாடி. இலை நெடுகப் பரவும் வேகம் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில். நம் உடம்பின் வேகமான நரம்புகளில் அது வினாடிக்கு 100 மீட்டர். ஆமை வேகம்தான். ஆனால் பொறியின் நீளமே இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்னும்போது இதுவே தாராளம்.

இதில் கால்சியத்துக்கு ஏன் அந்த முதலிடம்? சோடியத்தைப் போல, பொட்டாசியத்தைப் போல இதுவும் ஓர் அயனி என்று தோன்றும். ஆனால் எந்த உயிருள்ள செல்லும் கால்சியத்தைத் தன் சாற்றில் சும்மா விட்டுவைப்பதில்லை. காரணம் எளியது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாத படிவாகிவிடும். நம் எலும்பே அப்படி ஒரு கூட்டுதான். செல்லின் எரிபொருளான ஏடிபியோ பாஸ்பேட்டால் ஆனது. எனவே பம்புகள் இரவும் பகலும் கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. செல் சுவரிலும் செல்லின் நடுவே இருக்கும் பெரிய சேமிப்புப் பையிலும் நிறையக் கிடக்கிறது. செல் சாற்றில் அதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்த இடத்தில் கொஞ்சம் நுழைந்தாலே அது பெரிய செய்தி. எது ஆபத்தோ அதையே தகவல் சொல்லப் பயன்படுத்திக்கொண்டது உயிரினங்களின் மிகப் பழைய வித்தை. உங்கள் வீட்டில் யாராவது இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிட்டால், அந்த மாத்திரை செய்வதும் இந்த வித்தையோடு சேர்ந்த வேலைதான்; இரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலை அது அடைக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை, விட மனமில்லை. கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பதைக் கண்டுபிடித்த சிட்னி ரிங்கரும் அதே யுனிவர்சிட்டி காலேஜ்காரர்தான். தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்ததாக 1882இல் எழுதினார். அப்புறம்தான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்று. காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது இதயம் நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதை ஓட்டியிருக்கிறது. மருத்துவமனைகளில் இன்றும் ஏற்றும் ரிங்கர்ஸ் லாக்டேட் பாட்டிலில் இருப்பது இவருடைய பெயர்தான். ஃப்ளைட்ராப்புக்கு இது நேர் எதிர். குழாய்த் தண்ணீரின் உப்புகள் தொட்டியில் சேரச் சேர வேர் கெட்டுச் செடி போய்விடும். வளர்ப்பவர்கள் மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து வடியும் தண்ணீரோ பிடித்து ஊற்றுகிறார்கள். செல்லுக்குள் கால்சியத்தை வைத்து இவ்வளவு வேலை செய்யும் செடிக்கு மண்ணில் சுண்ணாம்பு ஆகாது.

சரி, நினைவுக்கு வருவோம். ஒவ்வொரு மின்துடிப்பும் கொஞ்சம் கால்சியத்தை உள்ளே விடுகிறது, இரண்டு துடிப்புகளில் சேர்ந்தது ஓர் அளவைத் தாண்டினால் பொறி மூடுகிறது என்று ஹோடிக், சீவர்ஸ் என்ற இருவர் 1988இலேயே ஊகித்திருந்தார்கள். கண்ணால் பார்க்க வழியில்லை. வழி ஒரு ஜெல்லி மீனிலிருந்து வந்தது. ஏக்வோரியா என்ற ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தைக் கண்டெடுத்ததற்காக ஒசாமு ஷிமோமுராவுக்கு 2008இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் புரதத்தைக் கால்சியத்தைப் பிடிக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டிவிட்டால், கால்சியம் ஏறும் இடத்தில் ஒளி கூடும். ஜப்பானில் ஓகஸாகி நகரின் அடிப்படை உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் ஹிராகு சுதா, மிட்சுயாசு ஹசேபே முதலானோர் இதற்கான ஜீனை ஃப்ளைட்ராப்பில் செலுத்தி, 2020இல் வெளியிட்டார்கள்.

அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஊசியால் ஒரு மயிரைத் தொடுகிறார்கள். மயிரின் அடியில் தொடங்கும் பச்சை ஒளி இலை முழுவதும் பரவுகிறது. பரவிவிட்டு மெல்ல மங்குகிறது. மங்கி முடிவதற்குள் மறுபடி தொட்டால், மிச்சமிருக்கும் ஒளியின் மேல் புதிய ஒளி ஏறி, முன்னைவிட உயரத்துக்குப் போகிறது, பொறி மூடுகிறது. 30 வினாடி தாண்டவிட்டால் பழையது வடிந்துவிடும். இரண்டாவது தொடுதல் மறுபடி முதலாவது ஆகிவிடும்.

'செடி எண்ணுகிறது' என்று தலைப்பு போடாத பத்திரிகை இல்லை. எனக்கு அது உறுத்துகிறது. ஒன்று, இரண்டு என்று எங்கேயும் எதுவும் குறிக்கப்படவில்லை. இருப்பது ஓர் அளவு, அது ஏறுகிறது, இறங்குகிறது. தண்ணீரை வைத்து நேரம் காட்டிய பழைய நாழிகை வட்டிலில் நேரத்தைச் சொன்னது அடியில் போட்ட சிறு துளைதான்; துளையின் அளவு மாறினால் நாழிகையின் அளவும் மாறும். இங்கே அந்தத் துளையின் வேலையைச் செய்பவை கால்சியத்தை வெளியேற்றும் பம்புகள். செடி எவ்வளவு நேரம் நினைவு வைத்திருக்கிறது என்று கேட்பதைவிட, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று கேட்பதே சரி. மழைத்துளி ஒன்று விழுந்து போனால் அது மறக்கப்பட வேண்டும். பூச்சி ஒன்று நடந்துகொண்டே இருந்தால் மறப்பதற்குள் அடுத்தது வரும். 30 வினாடி என்ற எல்லை இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது.

அளவுதான் முக்கியம் என்பதற்கு இன்னும் சாட்சிகள் உண்டு. குளிர்ந்த நிலையில் இரண்டு தொடுதல் கேட்கும் பொறி, 35, 40 டிகிரி வெப்பத்தில் பல சமயம் ஒன்றிலேயே மூடிவிடுகிறது என்று பிரவுன், ஷார்ப் என்ற இருவர் 1910இலேயே பார்த்திருக்கிறார்கள். சித்திரை மாதச் சென்னை மாடியில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2020இல் சூரிச் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். மயிரை மிக மெதுவாக ஒரே ஒருமுறை வளைத்தாலும் போதும். அந்த ஒரு வளைவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மின்துடிப்புகள் எழுந்து பொறி மூடுகிறது. நத்தை மாதிரி ஊர்ந்து வரும் இரைக்கும் தப்பிக்க வழி இல்லை.

மயிர் எப்படித் தொடுகையை மின்சாரமாக்குகிறது? அடிப்பகுதியில் ஒரு குறுகிய பள்ளம் உண்டு. மயிர் வளையும்போது அங்கேயுள்ள செல்கள் இழுபடுகின்றன. இழுபட்டால் திறந்துகொள்ளும் ஒரு வாசற்புரதம் அந்தச் செல்களில் ஏராளமாக இருப்பதை 2021இல் ஓர் அமெரிக்கக் குழு கண்டது. அதில் ஆர்டெம் படபூட்டியனும் இருந்தார். மனிதத் தோல் தொடுகையை உணரும் புரதங்களுக்காக அதே ஆண்டு நோபல் வாங்கியவர். ஆனால் தோலில் இருப்பதும் செடியில் இருப்பதும் ஒரே குடும்பத்துப் புரதங்கள் இல்லை. இரண்டும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

பொறி மூடியதோடு கதை பாதிதான். உள்ளே மாட்டிய பூச்சி சும்மா இருக்காது. ஒரு சிள்வண்டு முதல் ஒரு மணி நேரத்தில் 60 முறை அளவில் மயிர்களைத் தட்டும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ரைனர் ஹெட்ரிச் குழுவினர் 2016இல் செய்த ஆய்வு இந்தத் தட்டல்களுக்கெல்லாம் என்ன பதில் என்று பார்த்தது. இரண்டு துடிப்புகளில் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோனின் பாதை விழிக்கிறது. அதற்கு மேல் தட்டத் தட்டச் செரிமான நொதிகளுக்கான ஜீன்கள் இயங்குகின்றன. ஐந்தை ஒட்டிப் பூச்சியின் உடம்பிலிருக்கும் சோடியத்தை உறிஞ்சும் புரதமும் தயாராகிறது. எவ்வளவு பெரிய இரை என்பதை அது எவ்வளவு திமிறுகிறது என்பதை வைத்தே மதிப்பிட்டு, அதற்கேற்பச் செலவு செய்கிறது இலை. திமிறல் இல்லையென்றால் செலவும் இல்லை. ஒரு நாளைக்குள் மறுபடி திறந்துகொள்ளும்.

இந்த ஜாஸ்மோனேட்தான் எனக்கு முழுக் கதையையும் திருப்பிப் போட்டது. மல்லிகை எண்ணெயின் வாசனையில் முதலில் அடையாளம் கண்ட பொருள் என்பதால் அந்தப் பெயர். ஆனால் மற்ற எல்லாச் செடிகளிலும் அதன் முக்கிய வேலை, புழு கடித்தால் எச்சரிக்கை மணி அடிப்பது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸின் ஓர் இலையைப் புழு கடிக்கும்போது, அங்கிருந்து கால்சியம் அலை கிளம்பி வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நகர்ந்து தொலைவிலுள்ள இலைகளுக்குப் போகிறது. போன இடத்தில் ஜாஸ்மோனேட் ஏறுகிறது. அந்த இலை புழுவுக்கு ஆகாத பொருட்களைத் தயாரிக்கிறது. 2018இல் இதைப் பச்சை ஒளியில் படம் பிடித்துக் காட்டியவர் மசாட்சுகு டோயோட்டா. இரண்டு ஆண்டு கழித்து ஃப்ளைட்ராப் வீடியோ வந்தபோது அந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. தொடுதல், கால்சியம், மின்துடிப்பு, ஜாஸ்மோனேட், நொதி. இரண்டிலும் ஒரே வரிசை. ஃப்ளைட்ராப் வேட்டைக்காகப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தன்னைத் தின்ன வரும் புழுவுக்கு எதிரான பழைய ஏற்பாட்டை எடுத்து, பூச்சியைத் தின்னத் திருப்பிவிட்டிருக்கிறது.

இது அழகான கற்பனை மட்டும்தானோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு, செக் நாட்டின் ஆந்த்ரே பாவ்லோவிச் குழு 2017இல் செய்த சோதனை இருக்கிறது. அவர்கள் பொறியில் எந்த இரையையும் வைக்கவில்லை. இலையைக் காயப்படுத்தினார்கள், அவ்வளவுதான். மின்துடிப்பு எழுந்தது, ஜாஸ்மோனேட் ஏறியது, செரிமான நொதிகள் சுரந்தன. தான் காயப்பட்டதற்கும் இரை கிடைத்ததற்கும் அந்தச் செடியின் உள்வழிகளில் இன்னமும் சரியாக வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில் ஜகதீஷ் சந்திர போஸை நினைக்காமல் இருக்க முடியாது. எல்லாச் செடிகளும், தொட்டால் அசையாத சாதாரணச் செடிகளும்கூட, தூண்டினால் மின்சாரத்தால் பதில் சொல்கின்றன என்று 1901இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் காட்டினார். எழுந்து மறுத்தவர் யார் என்றால், நம் பர்டன் சாண்டர்சன்தான். ஃப்ளைட்ராப்பில் முதலில் அளந்தவர். அப்படிப்பட்ட சில விசேஷச் செடிகளைத் தவிர மற்றவற்றில் அது இருக்க முடியாது என்று உறுதியாக நம்பியவர். தலைப்பில் 'பதில்வினை' என்ற பொருள் வரும் சொல்லை மாற்றச் சொன்னார். போஸ் மாற்றவில்லை, கட்டுரை அப்போது அச்சாகவில்லை. போஸ் பிற்காலத்தில் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கமாட்டேன்; செடிக்கு நரம்பு மண்டலமே உண்டு என்கிற அளவுக்கு அவர் போனார். ஆனால் அன்றைய வாக்குவாதத்தில் அடிப்படை விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். ஃப்ளைட்ராப் விதிவிலக்கு இல்லை. எல்லாச் செடிகளிலும் உள்ளதை அது நம் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் செய்கிறது.

இன்றைக்கு நிலைமை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஈதர் ஆவியில் வைத்தால் ஃப்ளைட்ராப் மூடுவதில்லை, மின்துடிப்பும் நிற்கிறது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. உடனே 'செடிக்கும் மயக்க மருந்து வேலை செய்கிறது, அப்படியானால் அதற்கும் சுயநினைவு உண்டு' என்று கிளம்பிவிட்டார்கள். அயனி வாசல்களும் சவ்வும் உள்ள எதையும் மயக்க மருந்து பாதிக்கத்தான் செய்யும். என் ஈசிஜி திரையில் இதயம் சீராகத் துடிக்கும்போது, அந்த இதயம் எதையோ யோசிக்கிறது என்று நான் சொல்வதில்லை.

நம் பக்கத்தில் வீனஸ் ஃப்ளைட்ராப் கிடையாது. ஆனால் அதன் குடும்பத்தைச் சேர்ந்த அழுகண்ணி, அதாவது ட்ரோசெரா, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஈரமான புல்வெளிகளில் உண்டு. இலை முழுக்கச் சிவந்த காம்புகள், ஒவ்வொன்றின் முனையிலும் பிசுபிசுப்பான ஒரு துளி. பூச்சி ஒட்டிக்கொண்டால் காம்புகள் மெதுவாக வளைந்து அதை நடுவில் சேர்க்கும். அந்தக் காம்பிலும் மின்துடிப்பு எழுவதை வில்லியம்ஸ், பிக்கார்ட் இருவரும் 1970களின் தொடக்கத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். பார்க்கப் போனால் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். தொட்டியில் வைத்து நம் ஊர்த் தண்ணீரில் பிழைக்க வைப்பது கஷ்டம்.

ஆன்லைனில் ஃப்ளைட்ராப் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. செத்த ஈயைப் போட்டு மூட வைத்துவிட்டு, மறுநாள் பொறி திறந்துகிடக்கிறது, ஈ அப்படியே இருக்கிறது என்று குழுக்களில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். செத்த ஈ திமிறாது. மூடிய பிறகு விரல்களுக்கு நடுவே பொறியின் வெளிப்பக்கத்தை மெதுவாக, விட்டு விட்டு, சில நிமிடம் அமுக்கிக் கொடுங்கள். உள்ளே ஈ அசைந்து மயிர்களில் உரசும்படி இருந்தால் போதும். பொறியின் விளிம்பு இறுக ஒட்டிக்கொண்டால் வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் பத்து நாள் அதைத் தொடாதீர்கள். காலியான பொறியை விளையாட்டுக்கு மூட வைக்காதீர்கள். ஒவ்வொரு பொறியும் சில முறைதான் மூடித் திறக்கும், அதற்குப் பிறகு கருகிவிடும்.